பாஸ்போர்ட் சைஸ் போட்டோ: ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் முன்

"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு." பள்ளிக்கூடம், வங்கி, கேஸ் ஏஜென்சி, எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது இதுதான். நானும் பர்ஸில் எப்போதும் நாலு படம் வைத்திருக்கிறவள்தான். அதனால் போன வருஷம் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட், தம்பிக்குப் பான் கார்டு, அத்தைக்கு அமெரிக்க விசா என்று மூன்று வேலை சேர்ந்தாற்போல் வந்தபோது, போட்டோ எல்லாம் ஒரு வேலையா என்றுதான் இருந்தேன். கடைசியில் பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று எதிலும் சிக்கல் வரவில்லை. மூன்றிலும் போட்டோவில்தான் மாட்டினேன். ஒரே ஸ்டூடியோவுக்கு ஐந்து நடை. 600 ரூபாய்க்கு மேல் செலவு. பாதிப் படம் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பெரியவர்கள் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டியதில்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே, அதாவது விண்ணப்பம் வாங்குகிற மையத்திலேயே, கேமரா முன்னால் உட்கார வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும்தான் படம் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் வீட்டில் எல்லோருக்கும் எட்டு எட்டாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனவள் நான்.

1. எந்த அளவு என்று கேட்டு, அதை எழுதிக்கொள்ளுங்கள்

நம் பேச்சில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்பது ஓர் அளவின் பெயரே இல்லை. 'தோளுக்கு மேலே முகம் தெரிகிற சின்னப் படம்' என்பதுதான் அதற்கு அர்த்தம். பள்ளிக்கூட கிளார்க் கேட்பதும், வங்கியில் கேட்பதும், விசா படிவம் கேட்பதும் வேறு வேறு. ஸ்டூடியோக்காரரிடம் வெறுமனே "பாஸ்போர்ட் சைஸ்" என்றால் அவர் 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். பாதி இடங்களில் அது போதும். மீதிப் பாதியில்தான் வம்பு.

கிளம்பும் முன் படிவத்திலோ அறிவிப்பிலோ ஐந்து விஷயத்தைத் தேடிப் பிடியுங்கள். அகலமும் உயரமும் எவ்வளவு. பின்னணி என்ன நிறம். படத்தில் முகம் எவ்வளவு இடத்தை அடைக்க வேண்டும். படம் எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தாளில் ஒட்டுவதா, கம்ப்யூட்டரில் ஏற்றுவதா. ஏற்றுவது என்றால் எத்தனை கே.பி. என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டூடியோ மேஜையில் வைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். அவருக்கு அன்று நீங்கள் இருபதாவது ஆள்.

எண்களில் ஒரு பொறி இருக்கிறது. சில படிவம் அகலத்தை முதலில் எழுதும், சில உயரத்தை. 3.5 × 4.5 என்றாலும் 4.5 × 3.5 என்றாலும் ஒன்றுதான். முகப்படம் எப்போதும் நின்ற வாக்கில்தான் இருக்கும், அதனால் பெரிய எண்தான் உயரம். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் என் கண்ணெதிரே ஒருவர் படத்தைப் படுத்த வாக்கில் வெட்டி, காது இரண்டையும் வைத்துக்கொண்டு நெற்றியையும் தாடையையும் இழந்தார்.

2. எதற்கு எந்த அளவு

குழந்தை பாஸ்போர்ட்: 3.5 × 4.5 செ.மீ., பின்னணி வெள்ளை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-க்கும் இதே அளவு, இதே வெள்ளை. அதில் படத்தின் மேல் கையெழுத்துப் போடக் கூடாது.

பான் கார்டு: தம்பி நிரப்பிய 49ஏ படிவத்தில் கட்டம் 3.5 செ.மீ. உயரம், 2.5 செ.மீ. அகலம்தான். நம் வழக்கமான படத்தைவிடச் சின்னது. அவனிடம் இருந்ததோ வழக்கமான படம். கத்தரிக்கோலை எடுத்து நானே ஓரத்தை நறுக்கினேன். கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, உச்சிமுடியைத்தான் காணோம். மறுபடி ஸ்டூடியோ. அந்தப் படிவத்தில் இரண்டு படம் ஒட்ட வேண்டும். இடது பக்கப் படத்தின் குறுக்கே, பாதி படத்திலும் பாதி தாளிலும் வருகிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். வலது பக்கப் படத்தைத் தொடவே கூடாது; கார்டில் அச்சாவது அதுதான். என் தம்பி இரண்டிலும் போட்டு வைத்தான்.

அமெரிக்க விசா: 2 × 2 அங்குலம், சதுரம். இது 3.5 × 4.5-இலிருந்து வெட்டி எடுக்கிற படம் இல்லை, தனியாக எடுக்க வேண்டும். வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்த படம். தாடையிலிருந்து உச்சி வரை 25 முதல் 35 மி.மீ. இருக்க வேண்டும். இணையத்தில் நிரப்புகிற விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் ஏற்றுகிற படம் 600 × 600 பிக்சலுக்குக் குறையாமலும் 1200 × 1200-க்கு மிகாமலும், 240 கே.பி.க்குள்ளும் இருக்க வேண்டும். பயோமெட்ரிக் (கைரேகை) எடுக்கிற நாளில் அங்கேயும் ஒரு படம் எடுக்கிறார்கள். அதை நம்பி ஏற்றுகிற படத்தில் அசட்டையாக இருக்காதீர்கள்.

ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது): அளவு நம்முடையதேதான், 35 × 45 மி.மீ. ஆனால் முகமே 70 முதல் 80 சதவீத இடத்தை அடைக்க வேண்டும். நம் ஸ்டூடியோக்களில் மார்பு வரை, சட்டைப் பொத்தான் இரண்டு தெரிகிற மாதிரி எடுப்பதுதான் வழக்கம். அளவு சரியாக இருந்தும் படம் திரும்பி வருவது இதனால்தான். "முகத்தை இன்னும் பக்கத்தில் எடுங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டாம்ப் சைஸ்: 2 × 2.5 செ.மீ. பள்ளிக்கூட அடையாள அட்டை, மாதாந்திர பாஸ் மாதிரி விஷயங்களுக்கு. போஸ்ட்கார்டு சைஸ்: 4 × 6 அங்குலம், நீட் எழுதுகிற பிள்ளைகளிடம் சில வருஷம் பாஸ்போர்ட் சைஸோடு இதையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே தடவையில் எடுத்த படமாக இருந்தால் தொல்லை இல்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு முறையே வேறு. அங்கே பாஸ்போர்ட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் திணைக்களத்தில் (அரசுத் துறையில்) பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். படம் அங்கிருந்தே கணினி வழியாகப் போய்விடும். கையில் ரசீதுதான் வரும். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள்.

3. ஸ்டூடியோவில் உட்காரும்போது

வெள்ளைச் சட்டை வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் தோள் கரைந்து, கழுத்து மட்டும் காற்றில் நிற்கிற மாதிரி வரும். கடும் நீலம், பச்சை, மெரூன் எதுவானாலும் சரி. ஆணியில் ஒரு கோட்டும் கட்டிய டையும் தொங்கும். ஆளாளுக்குப் போட்டுக் கழற்றியது. பயோடேட்டாவுக்கு ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். அரசுப் படிவம் எதற்கும் அது தேவையில்லை.

பின்னணி நிறத்தைக் கேமராவை கிளிக் செய்யும் முன்பே சொல்லுங்கள். நிறைய இடங்களில் நீலத் துணியே தொங்குகிறது. "அப்புறம் வெள்ளையா மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் தலைமுடி ஓரம் கத்தரித்து ஒட்டியது போல நிற்கும். என் மகளின் முதல் செட் படத்துக்கு நேர்ந்தது இதுதான். நீலத்தில் எடுத்து வெள்ளையாக்கியதில் குழந்தையின் பூனைமுடி முழுக்கப் போய், மொட்டை அடித்த மாதிரி வந்தது.

மூக்குக் கண்ணாடி: அமெரிக்க விசாப் படத்தில் 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி கூடாது. அத்தை நாற்பது வருஷமாகக் கண்ணாடி போடுகிறவர். "கழட்டினா நான் மாதிரியே இருக்க மாட்டேனே கண்ணு" என்று இரண்டு தரம் மாட்டிக்கொண்டார். மற்ற இடங்களில் விலக்கு இருந்தாலும் நான் கழற்றிவிடச் சொல்வேன். கண்ணாடியில் விளக்கு மின்னி ஒரு கண் மறைந்தால் அந்தப் படம் எதற்கும் உதவாது. கழற்றிப் பத்து நிமிஷம் கழித்து எடுங்கள், மூக்கில் பதிந்த தடம் மறையட்டும்.

வாய் மூடி, கண் திறந்து, நேர்ப் பார்வை. இரண்டு காதும் தெரிகிற மாதிரி முடியைப் பின்னால் ஒதுக்குங்கள். "தாடையக் கொஞ்சம் இறக்குங்க" என்று அவர் சொல்கிறபோது தலையையே குனிந்துவிடாதீர்கள்; உச்சந்தலைதான் விழும்.

அடுத்தது டச்சப். கேட்காமலே நிறத்தைக் கூட்டி, மச்சத்தை அழித்து, கண்ணுக்குக் கீழ் கருவளையத்தை எடுத்து, பத்து வயதைக் குறைத்துக் கொடுப்பதை அவர்கள் ஒரு மரியாதையாகவே செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி. அடையாளப் படத்தில் கூடாது. அமெரிக்க விசா விதியில் முகத்தை மாற்றித் திருத்தக் கூடாதென்று தெளிவாகவே இருக்கிறது. அத்தைக்கு இடது கன்னத்தில் கடலை அளவு மச்சம். பாஸ்போர்ட்டில் இருக்கிறது, புதுப் படத்தில் இல்லை. நான் திரையைக் காட்டிக் கேட்டதும் ஸ்டூடியோக்காரப் பையன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டினார். மச்சம் திரும்பி வந்தது. பிரிண்ட்டுக்கு அனுப்பும் முன் திரையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

4. கைக்குழந்தைக்கு

இதற்கு ஸ்டூடியோ வேண்டாம் என்பதே என் கட்சி. ஃபிளாஷ் அடித்ததும் அழுகை, அழுத கண் சிவப்பு, அடுத்த ஆள் வாசலில். வீட்டில் எடுத்து, பிரிண்ட் மட்டும் வெளியே போடுங்கள்.

காலை ஒன்பது மணி வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பாயின் மேல் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து விரியுங்கள். இஸ்திரி போட்டது நல்லது, மடிப்புக் கோடு படத்தில் விழும். குழந்தைக்குக் கலர்ச் சட்டை போட்டுப் பால் கொடுத்து, ஏப்பம் விட்டதும் மல்லாக்கக் கிடத்துங்கள். நீங்கள் நேர் மேலே நின்று எடுக்க வேண்டும். உங்கள் நிழல் முகத்தில் விழாமல் ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் நில்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனை மிகவும் கிட்டத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும், ஒரு கை தூரமாவது தள்ளிப் பிடித்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபோனுக்குப் பின்னால் யாராவது சாவிக்கொத்தை ஒரே ஒரு தரம் குலுக்க, குழந்தை நேராகப் பார்க்கும். அந்த இரண்டு விநாடிதான். இருபது முப்பது எடுத்தால் ஒன்று தேறும்.

தாங்கிப் பிடிக்கிற கை, நிப்பிள், பொம்மை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தால் துடைத்துவிடுங்கள். பாட்டிமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். படம் எடுத்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைப் படத்தை, பாஸ்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எடுங்கள். மூன்று மாதம் முன்னே எடுத்தால் முகமே மாறியிருக்கும்.

5. சாஃப்ட் காப்பி: இதை மறந்தால் எல்லாம் வீண்

பிரிண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இப்போது பாதிக்கு மேல் வேலை ஆன்லைன்தான். ஸ்டூடியோவில் ஃபைலையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது இமெயில். எட்டுப் படம் அடுக்கிய தாளையே அனுப்பிவைப்பதும் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஒற்றைப் படம்.

பிரிண்ட்டை ஃபோனில் படம் பிடித்து ஏற்றாதீர்கள். பளபளப்பும் கோணலும் உடனே தெரியும். அவசரத்துக்கு ஸ்கேன் செய்யலாம், அதுவும் கையெழுத்து விழாத படமாக இருந்தால்.

கே.பி. கணக்கில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. பதிவில் படம் 20-லிருந்து 50 கே.பி., கையெழுத்து 10-லிருந்து 20 கே.பி. ஃபோன் படமோ மூன்று நாலு எம்.பி. இருக்கும். நேராகச் சுருக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். முதலில் தேவையான அளவுக்கு வெட்டுங்கள், பிறகு பிக்சலைக் குறையுங்கள், கடைசியில்தான் தரத்தைக் குறைத்து கே.பி.யைப் பிடியுங்கள். கணக்கு இதுதான்: 3.5 × 4.5 செ.மீ. படம் 300 டி.பி.ஐ.யில் (அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி) 413 × 531 பிக்சல், 200 டி.பி.ஐ.யில் 276 × 354. 413 × 531-இல் வைத்து ஜேபெக்காகச் சேமித்தாலே பெரும்பாலும் 50 கே.பி.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மேல் எல்லையை மட்டும் பார்க்காதீர்கள். 20-க்குக் கீழே போனாலும் ஏற்காது. ஃபைல் பெயரின் கடைசியில் 'பிஎன்ஜி' என்பதை அழித்து 'ஜேபிஜி' என்று எழுதிவிட்டால் படம் ஜேபெக் ஆகிவிடாது. ஏதாவது ஒரு செயலியில் திறந்து ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் வேறொரு வடிவத்தில் சேமிக்கப்படுவதால் அவர்களும் இதையே செய்ய வேண்டும். சில தேர்வு அறிவிப்புகளில் படத்தின் அடியில் பெயரும் எடுத்த தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஆக, அறிவிப்பைப் படிக்காமல் ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள்.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தருகிற தளங்கள் நிறைய. அங்கே முகப்படமும் கையெழுத்தும் சேர்த்து ஏற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஃபோனிலேயே இருக்கிற எடிட்டரில் செய்துகொண்டேன்.

6. பிரிண்ட் போடுவதும் ஒட்டுவதும்

வீட்டில் எடுத்த படமானால் 4 × 6 அங்குலத் தாளில் அடுக்குங்கள். 3.5 × 4.5-இல் எட்டு பிடிக்கும். இரண்டங்குலச் சதுரத்தில் இடைவெளி விடாமல் ஆறு. ஸ்டூடியோவில் "எட்டு காப்பி" என்று விலை சொல்வதும் இந்தத் தாள் கணக்கில்தான்.

பிரிண்ட்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதியை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லாப் படமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ வரும், கண்ணுக்குத் தெரியாது. நான் இப்போது மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஆறங்குல ஸ்கேலை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். கடைக்காரர் முன்னாலேயே வைத்து அளப்பேன். முதல் தடவை முறைத்தார்.

பளபளத் தாளில் பந்துமுனைப் பேனா வழுக்கும். படத்தின் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். ஒட்டுவதற்குக் குச்சிப் பசை போதும். தண்ணிப் பசை தடவினால் தாள் ஊதிக்கொள்ளும். பான் படிவத்தில் ஸ்டேப்ளரும் கிளிப்பும் கூடவே கூடாது. படத்தின் பின்னால் பெயர் எழுதுவதென்றால் பென்சிலில், அழுத்தாமல். பேனாவில் எழுதினால் முகத்தில் மேடு தட்டும், அடுக்கி வைத்தால் மை அடுத்த படத்தின் கன்னத்தில் ஒட்டும்.

7. செலவும் நாளும்

எங்கள் ஊரில் எட்டுப் படம் 100 ரூபாய், சாஃப்ட் காப்பிக்கு 30 தனி. விசா சைஸ் என்ற சொல்லைக் கேட்டதும் 200 ஆகிவிடுகிறது. தாளும் மையும் ஒன்றுதான், ஆனால் பேரம் பேசிப் பலனில்லை. நீங்களே அடுக்கிய ஃபைலைக் கொடுத்தால் 4 × 6 ஒரு தாளுக்கு 20 ரூபாய்க்குள் முடியும். பெரிய நகரங்களில் கூடும்.

இதை மற்ற கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1500 ரூபாய், சிறுவர்களுக்கு 1000, எட்டு வயதுக்குக் கீழ் என்றால் அதிலும் பத்து சதவீதம் தள்ளுபடி. படத்தால் வேலை தள்ளிப்போனால் போகிறது அந்த நாளின் லீவும் பஸ் செலவும்தான். எனக்கு அரை நாள் சம்பளம் போனது.

ஸ்டூடியோவில் வேலை பதினைந்து நிமிஷம். ஜூனில் பள்ளி திறக்கும் வாரமும், தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளும் மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு உங்கள் துண்டுச் சீட்டை யாரும் படிக்க மாட்டார்கள். வார நாளில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது.

பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெள்ளைப் பின்னணியில் எடுத்து, எடுத்த மாதத்தை ஃபைல் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட்டைச் சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள். பர்ஸில் ரூபாய் நோட்டோடு சொருகிய படம் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒருவர் மூக்கு இன்னொருவர் முதுகோடு போய்விடுகிறது.